ஆடிப் பதினெட்டில் ஒரு கண்ணீர் அஞ்சலி

பாபநாசத்தில் ஒருவர் செத்தால் அவருக்குத் தெரியும் முன்பே ஃப்ளெக்ஸ் வந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை, கடை எங்களுடையது. ஒரு தடவை இறந்தவரே நேரில் வந்து, மீசை சரியாக விழவில்லை, வேறு படம் போடுங்கள் என்றார். மாற்றிக் கொடுத்தோம். திருப்தியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

போன ஆடியில் குந்தவை வந்தாள். என் சிநேகிதன் மகள். ஜெர்மனியில் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். கையில் ஒரு பழைய படம். ஒன்பது வயதுப் பெண், இரட்டைச் சடை. எங்கள் தெருவில் விளையாட விட்டால் சாப்பாட்டு நேரத்தில் யாராவது தங்கள் பிள்ளை என்று இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பெயர் ரோசா.

ரோமா என்று ஒரு சனம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு, குதிரை விற்றும் கொல்லு வேலை செய்தும் ஐரோப்பா முழுக்க அலைந்தவர்கள். ஹிட்லர் காலத்தில் யூதர்களைக் கொன்ற முகாம்களில் இவர்களையும் லட்சக்கணக்கில் கொன்றார்கள். 1944 ஆகஸ்ட் இரண்டாம் தேதி ராத்திரி தொடங்கி மூன்றாம் தேதி விடிவதற்குள், ஒரே முகாமில் மிச்சமிருந்த ஆயிரக்கணக்கான பேரை விஷவாயுவுக்கு அனுப்பினார்கள். ரோசா அதில் ஒருத்தி. குடும்பத்தை முகாமுக்குப் பிடித்துப் போனபோது பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்த கைக்குழந்தை, தங்கை மார்கிட்டா மட்டும் பிழைத்தாள். இப்போது இருதயம் பழுதாகி ஜெர்மனியில் படுத்திருக்கிறாள். குந்தவைக்கு ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் பழக்கம். கிழவிக்கு ஒரே ஆசை: மூதாதையர் புறப்பட்ட தேசத்தில் நாலு பேர் அக்காவுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும். போனில் காட்டுகிறேன் என்று குந்தவை வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்லூரியில் இடமில்லை என்றுவிட்டார்கள். எங்கள் கடை மாடியைக் கேட்டாள். மூன்றாம் தேதி ஆடிப் பதினெட்டு, ஊரில் சனம் நிறைய இருக்கும் என்று கணக்கு.

அவள் எழுதிக்கொண்டு வந்த வாசகம், ‘ரோமா இனப்படுகொலை நினைவேந்தல்’. இதற்குப் போலீஸ் மட்டும்தான் வரும் என்று எனக்குத் தெரியும். எப்போதும் போடுகிற கண்ணீர் அஞ்சலி டிசைனில் குழந்தையின் படத்தை வைத்தேன். செல்வி ரோசா. மறைவு: ஆகஸ்ட் 3. வருஷம் போடவில்லை, பழைய சாவுக்கு யார் அவசரப்படுவார்கள்? அவள் வந்து பார்க்கும் முன்பே தெருமுனையில் கட்டியாயிற்று.

அன்று காலையில் மாடி கொள்ளவில்லை. தெருவில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை கோயில் திறக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. ஆடிப் பதினெட்டும் அதுவுமாக வீட்டுக்கு வீடு புளி கரைத்தது கரைத்தபடி கிடந்தது. இருந்தாலும் சின்னப் பிள்ளை சாவு. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே ஆளுக்கொரு மாலையோடு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு எல்லையம்மாள் படத்தின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள்.

குந்தவை போனைத் தூக்கிப் பிடித்தாள். தலையணையில் சாய்ந்திருந்த கிழமுகம் கூட்டத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. என்னைப் போலக் கெட்டிக்காரன் இந்தத் தாலுகாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் இளையபெருமாள் என் காதருகே வந்தார்.

“எப்ப எடுக்கிறீங்கண்ணே? மதியத்துக்குள்ள எடுத்துட்டா சாயங்காலம் ஆத்துக்குப் போயிடலாம்.”

நான் எதையாவது அளந்திருப்பேன். குந்தவை முந்திக்கொண்டாள்.

“எடுக்கிறதுக்கு உடம்பு இல்லீங்க. எரிச்சு, சாம்பலைக் குளத்துலயும் ஆத்துலயும் கொட்டிட்டாங்க. எம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.”

பிறகு முழுக்கச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். எந்த வகையறா என்று ஒருவர் கேட்டார். ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள் என்றாள்.

“பஸ் ஸ்டாண்டுல ஊசி பாசி விக்கிறாங்களே, அவங்க மாதிரியா?” என்றாள் எல்லையம்மாள்.

“அங்கயும் அப்படித்தாம்மா பாத்தாங்க.”

எல்லையம்மாள் படத்தைத் தடவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இளையபெருமாளுக்கு முகம் தெளிந்தது. அப்படியென்றால் தெருவில் சாவே இல்லை, கோயிலைத் திறந்துவிடலாம் என்றார்.

ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள் என்று குந்தவை கும்பிட்டாள். அதற்குள் படிக்கட்டு முழுக்க முதுகுகள். சாவுக்கு வாங்கிய மாலையை அம்மனுக்குச் சாத்த முடியாது, வீட்டுக்குள்ளும் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குவியல்மேல் ஏறி நின்று ஒரு ஆடு மாடி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. நம்பாவிட்டால் போங்கள்.

மார்கிட்டா ஏதோ கேட்டாள். எல்லோரும் எங்கே போகிறார்கள் என்கிறாளாம். ஆற்றுக்கு என்று சொல்லச் சொன்னேன்; அது நிஜம்தானே. குந்தவை சொன்னாள். கிழவியின் முகம் மலர்ந்தது. ரோசாவுக்காக ஆற்றில் பூ விடப் போகிறார்களா என்று கேட்டாள்.

“ஆமான்னு சொல்லும்மா,” என்றேன். “நிம்மதியாப் போய்ச் சேரட்டும்.”

குந்தவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “வேற முகாமுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லி, கையில ரொட்டியும் குடுத்துத்தான் மாமா அந்தப் புள்ளைங்கள லாரியில ஏத்துனாங்க.”

போனைப் பார்த்து ஒரே சொல் சொன்னாள். நைன். இல்லை என்று அர்த்தம்; அந்த அளவு ஜெர்மன் எனக்கும் தெரியும்.

மார்கிட்டா அழவில்லை. மெதுவாக எதையோ சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நர்ஸின் கை வந்து திரையை அணைத்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“இங்கயும் அப்படித்தான்னாங்க.”

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். பார்க்க ஆள் இல்லை. கீழே புளிச்சாதத்துக்குத் தாளிக்கிற வாசனை வந்தது. எனக்குப் பசித்தது.

ஐப்பசியில் மார்கிட்டா போய்விட்டதாகக் குந்தவை சொன்னாள். படம் கொடு, இந்தத் தடவை வருஷத்தோடு போடுகிறேன் என்றேன்.

“யாருக்கு மாமா?” என்றாள்.

தெருமுனைச் சட்டமும் காலியாக இல்லை. அதில் ஒரு காதணி விழா நின்றுகொண்டிருந்தது.