இரண்டாவது அழைப்பிதழ்

...ஒரே ஒரு கட்டம், அதில் ஒருமுறை விரலை வைத்தது, அவ்வளவுதான், யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை, பிறகு ஏன் இந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியவில்லை... ஓர்னெல்லா கண்களை மூடிக்கொண்டாள், சாயம் எரிகிறதா சிஞோரா என்று முடி திருத்தும் ரென்ஸோ கேட்டான், இல்லை என்றாள், பக்கத்து நாற்காலியில் தலை முழுக்க ரோலர்களோடு ஃபுல்வியா சிரித்தாள், "எரிஞ்சா எரியட்டும்டா, சாயங்காலம் டிவில ஊரே எங்களைத்தான் பாக்கப்போகுது." தேசியத் திரைப்பட விருது, சிறந்த அசல் பாடல், போட்டியிலிருக்கும் ஐந்து பேரில் ஃபுல்வியாவும் ஒருத்தி, அறுபத்தோரு வயதில் முதல்முறை. காலையில் அரண்மனையில் போட்டியாளர்களுக்கு நடந்த வரவேற்பில் குடியரசுத் தலைவரோடு கைகுலுக்கிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். "என் கை ஐஸா இருந்துச்சுடி, பாவம் மனுஷன், மீனுக்குக் கை குடுத்த மாதிரி இருந்திருக்கும்!"

முப்பது வருடங்களாக ஓர்னெல்லா படத்தொகுப்பு மேசையில், ஃபுல்வியா பியானோவில், இரண்டு பேரும் படம் முடிந்து கூட்டம் எழுந்து போகும்போது திரையில் ஓடும் சிறிய எழுத்துகள், வெள்ளிக்கிழமைகளில் டெஸ்டாச்சோ பகுதியின் சின்ன உணவுக்கடையில் ஒரே தட்டுப் பாஸ்தாவைப் பங்குபோட்டபடி மேடையேறியவர்களைத் திட்டித் தீர்த்தவர்கள்... இந்த ஆண்டு விருதுக்கு வாக்களிப்பவர்களில் ஓர்னெல்லாவும் உண்டு. படத்தில் செத்துப்போன கணவனின் படகை விற்கும் பெண்ணுக்காக ஃபுல்வியா எழுதிய பாட்டைச் சமையலறையில் உட்கார்ந்து இரண்டுமுறை கேட்டாள், அழுதாள், அழுத கண்ணோடு வாக்குப் பக்கத்தைத் திறந்தாள், விரல் யாரோ ஒரு பையனின் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் பதிந்தது, அவன் பாட்டை அவள் கேட்டதுகூட இல்லை. ஏன்? ஃபுல்வியாவின் பாட்டு சுமாராக இருந்திருந்தால் யோசிக்காமல் அவளுக்கே போட்டிருப்பாள், அதுதானே உண்மை?

போட்டியாளர் ஒருவருக்கு இரண்டு அழைப்பிதழ், ஒன்று தனக்கு, மற்றது விருந்தாளிக்கு, கணவனுக்குத் தருவாள் என்று நினைத்திருக்க... "குயிதோ வீட்ல டிவில பாக்கட்டும், பாதியிலயே தூங்கிருவாரு. எனக்கு ஓட்டுப் போட்டவ நீ, நீதான் என் பக்கத்துல உக்காரணும்." இப்போது சொல்லிவிடலாம், ரென்ஸோ துண்டு எடுக்க உள்ளே போயிருக்கிறான், ஃபுல்வியா நான் உனக்குப் போடவில்லை, நான்கே சொற்கள், வாயைத் திறந்தாள்... "ஜெயிச்சா மொதல்ல உன் பேரத்தான் சொல்வேன்," என்றாள் ஃபுல்வியா, "கேமரா உன் பக்கம் திரும்பும், அழுது தொலைக்காத, மை வழிஞ்சா பாண்டா மாதிரி இருப்ப."

கேமரா. தன் பெயர். கூடம் முழுக்கக் கைதட்டல். முடியாது, அதைமட்டும் தாங்க முடியாது, வேறு யாராவது, அந்தப் பையனோ எவனோ, ஃபுல்வியா மட்டும் வேண்டாம்... ஓர்னெல்லா திடுக்கிட்டாள். அன்று செய்தது ஒரு நொடி, பொறாமை என்றாவது சொல்லிக்கொள்ளலாம், இதற்கு என்ன பெயர்? தோற்றுவிட்டால் தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வரலாம், வழக்கமான கடையில் உட்கார வைத்துத் தேற்றலாம், ஓட்டுப் போட்ட மற்றவர்களுக்குக் காதே இல்லையடி என்று சொல்லலாம்... அந்த வாக்கியம் எப்போதோ தயாராகிவிட்டிருந்தது, எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது உட்பட.