பங்குனி விராலுக்கு எண்ணக்கூடாது

விரால் மூச்சு விடுவதற்கும் மனிதன் மூச்சு விடுவதற்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று சோலைராஜை யாரும் சொல்லிவிட முடியாது. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் ஃபிட்டர் வேலை. வாரத்தில் ஆறு நாள் மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஏழாவது நாள் தூண்டில் ராடும் ரீலுமாக ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் நின்று, தண்ணீர்ச் சத்தத்தை வைத்து மீனைச் சொல்வான். கெண்டை துள்ளினால் ஒரு சத்தம், கெளுத்தி புரண்டால் ஒரு சத்தம். விரால் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும்போது 'பொளக்' என்று ஒன்று கேட்கும், அது அவனுக்கு இருநூறடி தூரத்திலும் கேட்கும். அப்பேர்ப்பட்ட காதுதான் அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை அவனைக் கவிழ்த்துவிட்டது.

அவன் மனைவி செல்வலட்சுமி மகாராஜபுரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம், ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தார்கள். தையல் ஆற விரால் குழம்பு கொடுங்கள் என்று தெருவே சொன்னது. வாங்கிக் கொடுத்திருந்தால் முடிந்தது விஷயம். வத்திராயிருப்பு மார்க்கெட்டில் தொட்டியில் உயிரோடு நீந்துகிறது விரால். நம்ம ஆள் விட்டால்தானே. "நான் ஒருத்தன் இருக்கும்போது விரால கடையில வாங்குறதாவது" என்று மாமியார் சுடலையம்மாளிடம் வாய்ச்சவடால் அடித்தான். முதல் ஞாயிறு வெறுங்கையோடு வந்தான். அடுத்த ஞாயிறும் வெறுங்கைதான். மாமியார் பாட்டுக்கு முருங்கைக்கீரையை ஆய்ந்தார். அவர் திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

செல்வலட்சுமியின் அண்ணன் விஜயபாண்டிக்கு இதெல்லாம் வேடிக்கை. அவன் வத்திராயிருப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மினி பஸ் ஓட்டுகிறவன். தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவி வெறுங்கையால் விரால் பிடிக்கிற ஆள். சோலைராஜ் இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டுகிற ரப்பர் தவளையைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு அடங்காது. ஒரு நாள் சாப்பிடும்போது சோலைராஜ் பாடம் எடுத்தான். கார்த்திகை, மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடக்கும்போது விரால் ஆழத்தில் கிடக்கும், அதற்குப் பளபளவென்று மின்னுகிற ஸ்பூன் தகடுதான் சரி. மாசி பிறந்து தண்ணீர் வற்றி வெதுவெதுப்பானதும் கரையோரச் செடிக்கு வந்துவிடும். அப்போது தவளை. செடிமேல் போட்டு, இரண்டு துள்ளு துள்ள விட்டு, சந்தில் இறக்க வேண்டும்.

"கவ்வுனதும் இழுத்துறக் கூடாது மச்சான். மூணு எண்ணணும். அது தவளைய வாயில திருப்பிக்கிற நேரம் குடுக்கணும்."

"அதுக்கு வெத்தல பாக்கும் குடுப்பியா மாப்ள?" என்றான் விஜயபாண்டி. வீடே சிரித்தது. தையல் வலிக்க வலிக்கச் செல்வலட்சுமியும் சிரித்தாள்.

இரண்டு ஞாயிறு ஏமாந்த பிறகு சோலைராஜ் ராத்திரி ஷிஃப்ட் முழுக்க யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தான். பங்குனியில் விரால் குஞ்சோடு இருக்கிறது. செக்கச்செவேலென்று குஞ்சுகள் கூட்டமாக மேலே மேய, தாயும் தகப்பனும் அடியில் காவல் கிடக்கும். கிட்டே வருகிற தவளையை அது தின்பதற்காகக் கவ்வுவதில்லை, விரட்டுவதற்காகக் கவ்வுகிறது. கவ்வின வேகத்தில் துப்பிவிடும். மூன்று எண்ணிக்கொண்டிருந்தால் கொக்கியில் என்ன இருக்கும்? ஆகவே பங்குனி விராலுக்கு எண்ணக்கூடாது. தவளை முங்கின கணமே இழுக்க வேண்டும். இழுத்த பிறகு நூல் ஓர் இழை தளரக்கூடாது, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஞானோதயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மீனோடு போய்ச் சொல்லலாம் என்றிருந்தான். கருப்புத் தவளையைக் கழற்றிவிட்டு, வெள்ளை வயிற்றுப் பச்சைத் தவளை ஒன்றைக் கட்டிக்கொண்டான். அதன் முதுகை ஒட்டி இரட்டைக் கொக்கி, இரண்டிலும் முள். ஏறினால் இறங்காது.

மூன்றாவது ஞாயிறு காலை ஏழு மணி. ஊருக்கு மேற்கே கண்மாய், நெஞ்சளவு தண்ணீர், பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை. கரையில் ஈ காக்கை இல்லை. ஒரு திட்டின் ஓரத்தில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதைப் பார்த்ததும் அவன் மேலே அடி வைக்காமல் நின்றுகொண்டான். அதற்கு ஆறடி உள்ளே, இலைகளுக்கு நடுவில், 'பொளக்' என்று கேட்டது. பெரிய மூச்சு. இரண்டு கிலோவுக்குக் குறையாது என்று கணக்குப் போட்டான்.

தவளை இலைமேல் போய் விழுந்தது. ஒரு துள்ளு. இரண்டாவது துள்ளில் சந்தில் இறங்கியது. தண்ணீர் கனமாக ஒருமுறை அசைந்து தவளை காணாமல் போயிற்று. அவன் எண்ணவில்லை. இரண்டு கையாலும் ராடை வெட்டி இழுத்தான். ராடு வில்லாக வளைந்தது.

அந்த நொடியில் அவனுக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துப் பயனில்லை. பிள்ளை பிறந்த செய்தி வந்தபோதுகூட அப்படித் துள்ளவில்லை என்று பிறகு அவனே நினைத்து வெட்கப்பட்டான். சுற்றத் தொடங்கினான். அப்போது செடிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

மீன் போடுகிற சத்தம் இல்லை. மாடோ, நாரையோ, நீர்க்கோழியோ போடுகிற சத்தமும் இல்லை. அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. தளர்த்தினால் துப்பிவிடும், தளர்த்தினால் துப்பிவிடும் என்று கை பாட்டுக்குச் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது சுற்றில் ஆகாயத்தாமரைத் திட்டு அப்படியே எழுந்து நின்றது. அதற்கு அடியில் ஒரு மனிதன் இருந்தான்.

தலையிலும் தோளிலும் செடியோடு, வாயைப் பிளந்துகொண்டு விஜயபாண்டி நின்றான். வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தவளை தொங்கியது. இடது கையால் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தான். வலது கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், செவுளுக்குள் விரல் கோத்தபடி. அது வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"நூல விடு மாப்ள" என்றான். கத்தவில்லை, கெஞ்சுகிற மாதிரிச் சொன்னான்.

சோலைராஜ் ராடைக் கீழே போட்டான். தண்ணீருக்குள் எப்படி இறங்கினான், நூலை எதனால் வெட்டினான், ஒன்றும் அவனுக்கு நினைவில்லை. கொக்கியைத் தொடப் போனவனின் கையைத் தட்டிவிட்டு, "முள்ளு வச்ச கொக்கி. தொடாத" என்று விஜயபாண்டிதான் சொன்னான். கரைமேல் தேங்காய் ஏற்றப் போய்க்கொண்டிருந்த சங்கையாவின் லோடு ஆட்டோவை நிறுத்தியதும் அவன்தான். ஒரு வருடத்துக்கு முன்புதான் கெஞ்சிக் கூத்தாடி பஸ் வேலை வாங்கியவன். அந்தக் கண்ணில்தான் அவன் சோறு இருந்தது.

ஆட்டோவின் பின்னால் சாக்கை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். துண்டால் மூடவும் முடியவில்லை, தவளை தடுத்தது. வத்திராயிருப்பு தாண்டும்போது பஸ் ஸ்டாப்பில் நின்ற பிள்ளைகள் தவளையைப் பார்த்துச் சிரித்தார்கள். கிட்டே வந்ததும் ஒரு பெண் குழந்தை வீறிட்டது. விஜயபாண்டி தினமும் ஓட்டுகிற ரோடு அது. ஒற்றைக் கண்ணையும் மூடிக்கொண்டு சங்கையாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். "அந்தப் புளியமரம் தாண்டி வேகத்தட இருக்கு, மெள்ளப் போ. பெயிண்ட் அழிஞ்சுருக்கும், தெரியாது."

செத்த நேரம் கழித்து அவன் சொன்னதுதான் சோலைராஜுக்குத் தலையில் இடி.

"மூணு எண்ணுவேன்னு சொன்னியே மாப்ள."

"என்ன மச்சான்?"

"தவள முங்குனா மூணு எண்ணிட்டுத்தான் இழுப்பேன்னு சொன்னியே. அந்த நேரத்துக்குள்ள மீனு வாயில கொக்கிய மாட்டிவிட்டுட்டு முங்கிருவம்னு பாத்தேன். தவளையக் கையில பிடிச்சு மொகத்துக்கு நேரா வச்சு, கொக்கி எங்கன இருக்குன்னு பாக்கேன். ஒண்ணுகூட எண்ணி முடிக்கல. இழுத்துட்ட."

சோலைராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. விஜயபாண்டி விடிவதற்கு முன்பே எதிர்க்கரை வழியாக வந்து மீனைப் பிடித்துக்கொண்டு, செடியைத் தலையில் கவிழ்த்து, குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறான். மூன்றாவது தடவையும் மாப்பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று. இவனைக் கண்டதும் முங்கி, அவன் மூச்சு விட மேலே வந்ததைத்தான் இவன் இரண்டு கிலோ என்று எடை போட்டிருக்கிறான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டு, இது கண் டாக்டர் பார்க்க வேண்டியது என்று ராஜபாளையத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் மதியம் வரை நடந்தது. சுடலையம்மாள் தகவல் கேட்டு ஓடி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா வெளியே வந்து, மாப்பிள்ளைதானே என்று சோலைராஜை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு எஃகுத் தட்டில் பச்சைத் தவளை கிடந்தது.

"முதல்ல குத்துனது மேல் இமையிலதான்" என்றார். "அதோட நின்னிருந்தா ரெண்டு தையலோட வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அப்புறம் இழுபட்டிருக்கு. நல்லா இழுபட்டதுல கொக்கி இறங்கிக் கண்ணையே கிழிச்சிருச்சு. பார்வை வராது. இன்னொரு கண்ணு நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க. ஆனா இனிமே பஸ் ஓட்ட முடியாது." பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே, "அவரே பதட்டத்துல உதறியிருப்பாரு போல" என்றார்.

சோலைராஜ் தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினானா, கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டினானா, அவனுக்கே தெரியவில்லை. டாக்டர் ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

மாமியாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுச் சாயங்காலம் மகாராஜபுரத்துக்குத் தனியாக வந்தான். செல்வலட்சுமிக்கு விஷயம் போனிலேயே தெரிந்திருந்தது. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அடிப்பாள், குறைந்தபட்சம் அடிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்துத்தான் வந்தான். அவளோ குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் அண்ணன அனுப்புனேன்" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டு வாரமா ஒங்க மூஞ்சியப் பாக்கச் சகிக்கல. அவிய மூணு எண்ணுவாவ, அதுக்குள்ள மாட்டி விட்டுருண்ணேன்னு சொன்னேன். அண்ணன் மாட்டேன்னுதான் சொல்லுச்சு. நாந்தான் கெஞ்சுனேன். பாவி நாந்தான் அது கண்ணப் பிடுங்கிட்டேன்."

ஆபரேஷன் ஆகிப் பத்தொன்பது நாள் ஆன உடம்பு. தன் ஒருவனின் வீம்புக்காக அண்ணனிடம் கெஞ்சியிருக்கிறது. "ஒம் மேல என்னட்டி தப்பு" என்றான்.

"ஒங்க மேலயும் தப்பு இல்ல" என்று அவள் அவன் கையை இன்னும் இறுக்கினாள். "முங்கிக் கெடக்குறது ஆளுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணந்தான் ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? ஒரு சத்தம் குடுத்திருந்தா அந்த நிமிசமே விட்டிருப்பியள்லா?"

வாசலில் யாரோ நலம் விசாரிக்க வந்து, உள்ளே பேச்சுக் குரல் கேட்டுத் திரும்பிப் போனார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள், டாக்டர் எழுதியும் வைத்துவிட்டார், விஜயபாண்டியே வாய் திறக்கப்போவதில்லை. குழந்தை அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

"குடுத்தாரு" என்றான் சோலைராஜ்.

"என்னது?"

"சத்தம் குடுத்தாரு. எனக்குக் கேட்டுச்சு. மனுசக் கொரலுன்னும் தெரிஞ்சுச்சு. கேட்ட பொறவும் நாலு சுத்து சுத்துனேன். மீனு போயிருமேன்னு."

செல்வலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டாள். அவனை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை விட்டாள். தையல் இழுக்கும், குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், குனிந்து, அவன் மடியிலிருந்து குழந்தையை எடுத்துச் சுவர்ப் பக்கமாகத் தனக்கு அப்பால் படுக்க வைத்துக்கொண்டாள்.