இடம் மாறிய ஒயர்கள்

மூன்றாவது தடவையும் வண்டி உதறி, இருமி, நின்றுபோனது.

"சனியன்!" என்று ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டு தட்டிய அண்ணன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்பாவின் பிக்கப் வண்டி. அப்பா உள்ளே கூடத்தில் கிடந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் இதில்தான் அவரை இடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு வண்டி என்ற பேச்சையே அம்மா எடுக்க விடவில்லை.

"நேத்து ஸ்பார்க் பிளக்தானே மாத்திட்டிருந்தாரு? முடிச்சாரா இல்லியா?"

"தெரியலண்ணே. நான் பாக்கறேன், இரு," என்று தங்கை சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள்.

நேற்றுக் காலை ஷெட்டிலிருந்து அப்பா கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போயேன்." அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பத்து நிமிஷம்பா." இன்னொரு தடவையும் கூப்பிட்டார். அதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. முக்கால் மணி கழித்துப் போனபோது முன்சக்கரத்தின் பக்கத்தில் விழுந்து கிடந்தார். ஒரு நொடியில் உயிர் போயிருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ராத்திரியைத் தாண்டினாள்.

பிளக் நான்கும் புதிதாகத்தான் இருந்தன, நன்றாக இறுக்கியும் இருந்தன. ஒயர்களைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ஒயர். இடம் மாறினால் இன்ஜின் இப்படித்தான் உதறும். அதனாலேயே அப்பா ஒருநாளும் நான்கையும் சேர்த்துக் கழற்ற மாட்டார். ஒன்றைக் கழற்றி, பிளக்கை மாற்றி, அதை மாட்டிய பிறகுதான் அடுத்தது. ஒரு மெக்கானிக் அவசரப்பட்டபோது, "நாலையும் மொத்தமா புடுங்க நீ என்ன பல் டாக்டரா?" என்று விரட்டியடித்த மனுஷன்.

நான்கும் இடம் மாறியிருந்தன. ரப்பர் மூடிகளில் கிரீஸ் விரல் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரே தடவையில் மாட்டியதாகத் தெரியவில்லை. மாட்டி, கழற்றி, எது எங்கே என்று புரியாமல் மறுபடி மாட்டியிருக்கிறார். முப்பது வருஷம் தன் கையால் பார்த்த வண்டியின் முன்னால் திகைத்து நின்றிருக்கிறார். அப்போதுதான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஐயோ, ஒரு நொடியில் போகவில்லை. புத்தி தடுமாறிய பிறகும் இரண்டு தடவை கூப்பிட்டு, அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறார். அவள்தான் போகவில்லை.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்கற? என்ன கோளாறு?"

"ஒயர் லூசு."

ஒன்றைக் கழற்றினாள், அதன் சரியான இடத்தில் மாட்டினாள். பிறகு அடுத்தது. அவருடைய தடங்களின் மேல் அவள் விரல்கள் பதிந்தன. அண்ணன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒரு பிசிறும் இல்லாமல் ஓடியது.

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள்.

"வேலைய முடிச்சிட்டுத்தான போயிருக்காரு?"

"ஆமாம்மா. எல்லாம் கரெக்டா பண்ணியிருக்காரு."

"டாக்டர் சொன்னாரே, ஒரு நொடின்னு. கஷ்டப்படலல்ல?"

அண்ணன் இன்ஜினை அணைத்தான்.

"இல்லம்மா. ஒரு நொடிதான்."

அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

"கையக் கழுவிட்டு வா, தூக்கணும்," என்றான் அண்ணன்.

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கிரீஸ் விரல்களை மடக்கிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள்.