சண்டையில் எரிந்த பல்பு

கொப்புடையம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தவன் நான்.

1967-இல் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கரண்டுக் கம்பம் வந்துவிட்டது, கரண்டு வரவில்லை. அறிவியல் வாத்தியார் சூசைமரியானுக்கு மூன்று வருஷமாக வேலை நிரந்தரமாகவில்லை. காரைக்குடியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார், ஆற்றல் பாடத்தைச் செய்து காட்ட வேண்டும், பல்பு எரிந்தால் வேலை, எரியாவிட்டால் வீடு என்று தாக்கல் வந்தது.

வாத்தியார் தன் சைக்கிள் டைனமோவைக் கழற்றி, மதியச் சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்த திருகையின் மேல்கல்லில் உரசும்படி கட்டினார். அதை எதிரெதிரே உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் அழகியும் அவள் நாத்தனார் வள்ளிக்கண்ணும். சும்மா சுற்றினால் மின்மினி வெளிச்சம். பேச்சு தடித்தால் பாடமே படிக்கலாம். கோப ஆற்றல் இயக்க ஆற்றலாகி, மின்சாரமாகி, ஒளியாகிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் மீனாட்சிசுந்தரம் தங்கமான மனிதர். அதுதான் வினையாயிற்று.

"நீ கொண்டாந்த சீரு தெரியாதா? ஓட்டைக் குத்துவிளக்கு" என்றாள் வள்ளிக்கண்ணு.

"அந்த வெளிச்சத்துலதான் ஒங்க அண்ணன் என்னயப் பாத்தாக. ஒங்களப் பாக்க வந்தவுக பகல்லயே திரும்பிப் போனாக."

பல்பு வெளிச்சத்தில் கண் கூசியது. இன்ஸ்பெக்டருக்கு மனசு தாங்கவில்லை.

"ஒரே வீட்டுப் பொம்பளைக இப்படியா, ஆத்தா? சமாதானமாப் போங்க."

அழகி அழுதாள். வள்ளிக்கண்ணு முந்தானையால் துடைத்துவிட்டாள். பல்பு அணைந்தது.

"என்ன வாத்தியாரே, ஆற்றல் அழிஞ்சு போச்சா?"

"அழியாதுங்கய்யா. வடிவம் மாறும். இப்பக் கண்ணீரா இருக்கு."

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திருகினார். வாத்தியார் பெண்கள் பக்கம் திரும்பி, "நேத்து ரசம் நல்லா இருந்துச்சே, யாரு வச்சீக?" என்றார்.

"நான்தான்" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

பல்பு வெடித்தது. மிச்ச ஆற்றல் போக வழியில்லாமல் கம்பத்தில் ஏறி, அமராவதிபுதூர் வரை தெருவிளக்கெல்லாம் பட்டப்பகலில் எரிந்தன. இன்ஸ்பெக்டர் எழுதினார்: வாத்தியார் வேலை நிரந்தரம், மேற்படி பெண்கள் இருவரும் ராசியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மதியம் போட்டது எப்போதும் அமெரிக்காக் கோதுமை உப்புமா. கோதுமை உடைத்தே மூட்டையில் வந்ததால் அங்கே திருகை வாங்கவே இல்லை.