மீதி மாத்திரை

விடியலில் செத்துப்போன வசந்தகுமாரை வாசலில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி சுமலதா உள்ளே அலமாரியைக் கிளறி மாத்திரை டப்பாவைத் தேடினாள். இந்த நேரத்தில் இதென்ன வேலை என்று நாத்தனார் முணுமுணுத்தாள். மெர்சி கேட்டிருக்கிறாளே, கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

மெர்சி சென்னை ஆஸ்பத்திரி நர்ஸ். தகவல் கேட்டதும் பூமாலையோடு ரயிலேறி வந்துவிட்டாள். நரம்பு செத்துக் கைகால் ஓய்ந்துபோகும் நோய்க்கு, வேறு வியாதிக்குப் பல வருடமாகக் கொடுத்துவரும் ஒரு மாத்திரை உதவுமா என்று அங்கே சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று மெர்சிக்கே தெரியாது. வசந்தகுமார் அதில் சேர்ந்து எட்டு மாதம். மீந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி.

அவருக்கு வருவது அந்த மாவாக இருந்துவிடுமோ என்ற நினைப்புதான் சுமலதாவைப் படுத்தி எடுத்தது. அசல் மாத்திரை கும்மிடிப்பூண்டி பஜாரில் எந்த மெடிக்கலிலும் கிடைத்தது. வாங்கி, அவர் கண்ணெதிரே பொடித்துக் கஞ்சியில் கலந்துவிட்டாள். முதல் நாளே அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அதற்குள் பேச்சு போயிருந்தது. அவள் அவர் கண்ணைப் பார்க்காமல் ஊட்டினாள்.

அவர் கம்பி ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். கம்பியை இழுத்து, எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று எழுதுவது வேலை. ஒருமுறை மேனேஜர் சொன்ன எண்ணை எழுத மாட்டேன் என்று மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவள் திட்டினாள்.

மெர்சி டப்பாவை வாங்கிப் பையில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"இப்போ கேக்கக் கூடாதுக்கா. வேற மருந்து எதுனா குடுத்தீங்களா?"

இல்லை என்றால் அதோடு போயிற்று. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அதே மாத்திரையதான் குடுத்தேன். நாலு மாசமா கஞ்சில போட்டுக்கினு இருந்தேன்." அவளுக்குப் பயமாக இருந்தது. "அதனாலதான் பூட்டாரா?"

மெர்சி பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"தெரியலக்கா. டாக்டர்கிட்ட சொல்லணும். இனிமே அவர் சோதனைக் கணக்குல வருவாரா மாட்டாரான்னு அவங்கதான் சொல்வாங்க. எழுதிக்கவா?"

"எழுதிக்கோம்மா. என்னிக்கு ஆரம்பிச்சேன்னு தேதியும் சொல்றேன், சரியா எழுதிக்கோ."

மெர்சி எழுதி முடிக்கவும் மைத்துனன் வெங்கடேசன் வாய்க்கரிசிக்குக் கூப்பிடவும் சரியாக இருந்தது. வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். சுமலதா கடைசியாகக் குனிந்தாள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்ததால் அரிசி உள்ளே போகாமல் உதட்டின் மேலேயே நின்றது. உள்ளே தள்ளிவிடும்படி யாரோ சொன்னார்கள்.

அவள் தள்ளவில்லை.