பிங்களேவின் சர்க்கரைக் குழாய்

இந்தக் காலத்தில் விற்றவனுக்கு வெட்கமே கிடையாது. பொருள் கெட்டுப்போனால் போனை அணைத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். திராட்சை விளைகிற திண்டோரிப் பக்கத்து நிவ்ருத்தி பிங்களே அப்படியில்லை. பல வருஷமாக அவன் முகம் எந்தக் கண்ணாடியிலும் விழுவதில்லை. சட்டை தெரியும், தொப்பி தெரியும், நடுவில் பின்சுவர் தெரியும்.

மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கிற பிங்களே, திராட்சையின் சர்க்கரையை அளக்கிற குழாய் ஒன்றை வீட்டிலேயே செய்தான். முனையில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், உள்ளே நீல நிழல் ஒரு கோட்டில் வந்து நிற்கும். பதினெட்டில் நின்றால் குலையை வெட்டலாம். முதல் குழாயை மகள் ரக்மாவின் மாமனார் கொண்டிராம் டோக்ளேவுக்கு விற்றான். பூஜ்யக் கோட்டை வெறும் தண்ணீர் விட்டுத்தான் குறிக்க வேண்டும். முதல் வேலையாயிற்றே, நல்லபடியாக அமையட்டும் என்று அவன் சத்யநாராயண பூஜைத் தீர்த்தத்தை விட்டுக் குறித்தான். தீர்த்தத்தில் சர்க்கரை கரைந்திருந்தது; அந்த இனிப்பே பூஜ்யமாகிவிட்டது.

அதனால் டோக்ளேவின் தோட்டத்துப் பழம் தேனாகப் பழுத்து நின்றபோதும் நிழல் பதினான்கைத் தாண்டவில்லை. "மாமா, வாயில போட்டுப் பாருங்க, நல்லா இனிக்குது" என்றாள் ரக்மா. "உங்கப்பன் செஞ்சத நீயே நம்பலன்னா வேற எவன் நம்புவான்?" என்று சிரித்துவிட்டு அவர் காத்திருந்தார். காலம் தவறி மழை வந்தது. பழமெல்லாம் வெடித்துக் கொடியிலேயே அழுகியது. பிங்களே ஓடிவந்து குழாயில் வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தான். நிழல் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. வீட்டுக்குப் போனான். மறுநாள் சவரம் செய்ய உட்கார்ந்தபோது கண்ணாடியில் முகம் இல்லை.

அதற்குப்பிறகு அவன் மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தீபாவளி போயிற்று. பேரனுக்குப் பெயர் வைத்தார்கள், அதற்கும் வரவில்லை. ரக்மா அழுது அழுது ஓய்ந்தாள். கடைசியில் டோக்ளேவே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது, சம்பந்தி?" என்றான் பிங்களே.

"கண்ணாடிக்குத் தெரியலன்னா எனக்கென்ன? எனக்கு நல்லாத் தெரியுது. ஆடு மேஞ்ச மாதிரி மீசை. ஏறுங்க வண்டியில."

தம் வீட்டு வாசலில் உட்காரவைத்து டோக்ளே தாமே கத்தரி பிடித்தார். பிங்களேவுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"ஆடாதீங்கய்யா, காது போயிரும்."

"மாமா, ஒரு பக்கம் பெருசா இருக்கு!" என்றாள் ரக்மா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"விடும்மா, அவரா பார்க்கப் போறாரு?"

இப்போது பிங்களே பேட்டரிக் கடையில் விற்கிற, ஒன்றும் கலக்காத தண்ணீரில் பூஜ்யம் குறிக்கிறான். சுற்றுவட்டாரமே வாங்குகிறது. முகம் திரும்பவில்லை. யாரும் அதைக் கேட்பதுமில்லை. மாதம் ஒருமுறை மீசை வெட்ட டோக்ளே வீட்டுக்குப் போய்வருகிறான்.

எனக்கும் நாலு வரிசைக் கொடி உண்டு. போன பருவத்தில் என்னிடமும் ஒரு குழாயை நீட்டினான். கண்ணில் வைத்துப் பார்த்தேன். நிழல் ஏதோ ஒரு கோட்டில் நின்றது. நிற்கட்டும். குழாயை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்க்கலாமென்று என் தோட்டத்துப் பக்கம் நடந்தேன்.