டைல்ஸுக்குக் கீழே ஒரு மூடி

நாத்தனாரிடமிருந்து போன் வந்தபோது சின்னவள் குளியலறைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் போகும் ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"சனிக்கிழமை காலையில வந்துடுவோம். போன லீவுக்கு அண்ணன் வீட்டுல இருந்தாச்சு, இந்தத் தடவை உங்க வீடு," என்றாள் நாத்தனார். "நாங்க அஞ்சு பேரு, கூட எங்க மாமனாரும் வர்றாரு. சிரமம் ஒண்ணும் இல்லையே?"

"இதுல என்ன அண்ணி சிரமம்? தாராளமா வாங்க," என்றாள் சின்னவள். அவள் காலைச் சுற்றி நின்ற சோப்புத் தண்ணீர் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அது ஒரு காலத்தில் ஒரே வீடு. அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் குறுக்கே ஒரு சுவர் எழுப்பிக்கொண்டார்கள். தெருவைப் பார்த்த முன்பாதி பெரியவனுக்கு, பின்பாதி சின்னவனுக்கு. அந்தச் சுவரெல்லாம் தரைக்கு மேலேதான். கீழே ஓடும் குழாய்க்குப் பாகப்பிரிவினை நடந்த சேதி எட்டவில்லை. பின்பாதியில் குளிக்கிற, கழுவுகிற தண்ணீர் எல்லாம் முன்பாதிக்கு அடியில் ஊர்ந்துதான் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒரு வருடமாகவே தண்ணீர் மந்தமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடைப்பு எடுக்கும் பவுடரை வாங்கிக் கொட்டினாள். புகைந்தது, மூக்கு எரிந்தது, அடைப்பு அப்படியே இருந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். ரப்பர் கிண்ணம் வைத்த கோலால் தோள்பட்டை கழன்றுவிடும்போல அமுக்கினாள். ஓட்டை ஒரு ஏப்பம் விட்டது. அவ்வளவுதான் அது தந்த மரியாதை.

கணவனிடம் சொன்னால், அவன் குனிந்து பார்த்துவிட்டு, "போகுதே, மெதுவா போகுது," என்பான்.

"நமக்கு மெதுவா போனா போதும். ஆறு பேரு வந்து வரிசையா குளிச்சா?"

"பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று சின்னவள் பல நாளாகவே வைத்திருந்தாள்.

சின்னவள் கம்பியைக் கழுவப் பின்முற்றத்துக்கு வந்தபோது, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவள், பெரியவனின் மனைவி, எட்டிப் பார்த்தாள். ஓரகத்தியின் கையில் கம்பியைக் கண்டதும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"முடியையும் சோத்துப் பருக்கையையும் உள்ள விட்டா அடைக்காம என்ன செய்யும்? எங்க வீட்டுல பாரு, ஊத்துன நிமிஷம் போயிடுது. கொஞ்சம் பதவிசா புழங்கணும்மா."

பெரியவள் வீட்டில் போகாமல் என்ன? போன லீவு முடிந்த கையோடு முன்பாதியைப் புதுப்பித்தபோது தங்கள் குளியலறையிலிருந்து நேராகத் தெருவுக்குத் தனிக் குழாய் போட்டுக்கொண்டார்கள். சின்னவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். விருந்தாளி வருகிற நேரத்தில் எதற்கு என்று விழுங்கிக்கொண்டாள். ஒரு வருடத்தில் அவள் விழுங்கியவற்றை எல்லாம் அந்த ஓட்டையில் போட்டிருந்தால், அது என்றோ முழுசாக அடைத்திருக்கும்.

பிளம்பருக்குப் போன் போட்டாள். அந்தத் தெருவில் அவரை 'இதோ' என்றுதான் சொல்வார்கள். எப்போது கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பார், வரமாட்டார். செவ்வாய்க்கிழமை சொன்ன 'இதோ' வியாழக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து இறங்கியது.

"லீவு விட்டாலே இதே கதைதாம்மா," என்றார் அவர், சுருள் கம்பியைப் பையிலிருந்து எடுத்தபடி. "வருஷம் பூரா குழாய்னு ஒண்ணு இருக்குறதே யாருக்கும் தெரியாது. சொந்தக்காரங்க வர்றாங்கன்னு போன் வந்துட்டா போதும், ஊருக்கே ஞாபகம் வந்துடும்."

கம்பி உள்ளே போயிற்று. அவர் கைப்பிடியைச் சுற்றினார். கம்பி சுவரைத் தாண்டி முன்பாதிக்கு அடியில் போயிருக்க வேண்டும். திடீரென்று நின்றது. முன்னும் பின்னும் இழுத்துக் குத்தினார். கடக், கடக் என்று சத்தம் கேட்டது.

"இது முடி இல்ல. முடின்னா மெத்துனு இருக்கும், சுத்திக்கிட்டு வரும். இது கல்லு மாதிரி மோதுது. சேம்பர், அதான் சாக்கடைக் குழி, எங்க இருக்கு? மூடியைத் தொறந்து அந்தப் பக்கமா எடுக்கணும்."

சின்னவளுக்குத் தெரியவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோதே சுவர் எழும்பியிருந்தது. கணவனுக்குப் போன் செய்தாள். "சேம்பரா? எனக்கு ஞாபகம் இல்லையே. அண்ணனைக் கேளு," என்றான். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அண்ணனை அவன் கேட்கக்கூடாதோ? அண்ணனிடம் ஒன்று கேட்பது அவனுக்குக் கல்லில் நார் உரிப்பதைவிடப் பெரிய வேலை.

அவளே முன்வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்த பெரியவள் நிலைப்படியைத் தாண்டவில்லை, தாண்டவும் விடவில்லை.

"சேம்பரா? இங்க அப்படி ஒண்ணும் கிடையாதே."

"குழாய் இந்தப் பக்கமாத்தான் வருதுன்னு பிளம்பர் சொல்றாருக்கா. பக்கத்துச் சந்துல எங்கயாவது..."

"சந்து ஏது இப்ப? அதத்தான் கூரை போட்டுச் சாப்பாட்டு ரூம் ஆக்கியாச்சே. தரை பூரா டைல்ஸ். வேணும்னா நீயே பாத்துக்க," என்று பெரியவள் கொஞ்சம் நகர்ந்தாள். பளிங்கு மாதிரி, பச்சைக் கொடி ஓடும் டைல்ஸ். ஒரு கோடுகூடப் பிசகாமல் ஒட்டியிருந்தது. அதன் நடுவில் எட்டு நாற்காலி போட்ட மேஜை.

பெரியவன் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது கேட்டது, தலை நிமிரவில்லை. "இல்லம்மா, இங்க எதுவும் இல்ல," என்று பேப்பரிடம் சொன்னான்.

'இதோ' சாமான்களைக் கட்டினார். "மூடி கிடைச்சா கூப்பிடுங்க. இதோ வந்துடுவேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சின்னவள் வேலை செய்தாள். குளியலறை ஓடுகளைப் பல் விளக்கும் பிரஷால் தேய்த்தாள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவினாள். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குப் புது வாஷர் போட்டாள். விருந்தாளி பார்க்கிற இடமெல்லாம் மின்னியது. பார்க்காத இடத்தில் அந்தக் கல் உட்கார்ந்திருந்தது. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. இதுவரை முன்பாதியிலிருந்து யாராவது வந்து ஒரு வாளி எடுத்துக் கொடுத்ததுண்டா? இந்த வீட்டுக்காரனாவது சட்டையை மடித்துவிட்டுக் குனிந்ததுண்டா? சாயங்காலம் அவன் வந்து, "அடேயப்பா, வீடு கண்ணாடி மாதிரி இருக்கே," என்றபோது அவள் துடைப்பத்தை அவன் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ஆறு பேரும் வந்து இறங்கினார்கள். பயண அலுப்பு, எல்லாரும் குளிக்க வேண்டும் என்றார்கள். முதலில் நாத்தனாரின் கணவர், அப்புறம் பெரிய பெண். மூன்றாவதாகப் பிள்ளைகளின் தாத்தா உள்ளே போனார். அவர் குளிக்கப் போனால் சாவகாசமாகத்தான் வருவார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ரப்பர் செருப்பு ஒன்று கதவுக்கு அடியிலிருந்து மிதந்து வெளியே வந்தது. பின்னாலேயே கறுத்த தண்ணீர், சோப்பு நுரை, வாயில் சொல்ல முடியாத நாற்றம். சின்னவள் மிதியடி, போர்வை, கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு அணை கட்டினாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இது கணுக்காலோடு நின்றது. ஆனால் அவமானம் தலைக்கு மேலே போய்விட்டது. நாத்தனாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து தண்ணீரை அள்ளியபடி அழுதாள்.

நாத்தனார் தன் உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னொரு வாளியை எடுத்தாள். "அழாத. என்ன ஆச்சுன்னு சொல்லு," என்றாள்.

சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். சேம்பர் இல்லை என்று அண்ணன் சொன்னதைக் கேட்டதும் நாத்தனார் நிமிர்ந்தாள். வாசலில் பெட்டிகளை நகர்த்துவதுபோல நின்ற தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், சேம்பர் எங்கன்னு உனக்கு ஞாபகம் இல்லையா? உன் முழங்காலுக்குக் கீழ இருக்குற தழும்பு எப்படி வந்துச்சு? ஒடைஞ்ச மூடில கால விட்டுட்டு நீ கத்துன கத்துக்குத் தெருவே கூடுச்சே."

அந்தத் தழும்பு பந்து விளையாடியதில் வந்தது என்றுதான் அவன் மனைவியிடம் சொல்லியிருந்தான். சின்னவள் கணவனைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான்.

நாத்தனார் ஈரக் காலோடு முன்பாதிக்குப் போனாள். பின்னாலேயே எல்லாரும் போனார்கள். சாப்பாட்டு அறையில் நின்று ஜன்னலிலிருந்து கையால் அளந்தாள். மேஜையின் ஒரு காலுக்குப் பக்கத்தில் பெருவிரலால் தட்டினாள். "இங்க," என்றாள்.

"அது எப்பவோ இருந்தது. மேஸ்திரி அதையெல்லாம் சரி பண்ணிட்டாரு," என்றான் பெரியவன். இப்போது அவன் கையில் பேப்பர் இல்லை, அதனால் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இந்த டைல்ஸ் இப்ப கடையிலேயே கிடையாது," என்றாள் பெரியவள். "ஒண்ண ஒடைச்சா தரையே அசிங்கமாயிடும். லீவு முடியட்டும், அப்புறமா யோசிப்போம்."

"சரிங்க அண்ணி, ஒடைக்க வேணாம்," என்றாள் நாத்தனார், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற குரலில். "லீவு முடியிற வரைக்கும் நாங்க ஆறு பேரும் இங்க குளிச்சுக்கிறோம். உங்களுதுலதான் ஊத்துன நிமிஷம் போயிடுதாமே."

மறுநாள் ஞாயிறு. சமாளித்தார்கள். திங்கட்கிழமை காலையில்தான் வேடிக்கை. பெரியவனுக்கு ஆபீஸ் உண்டு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன், கதவு சாத்தியிருக்கக் கண்டான். உள்ளே தாத்தா. வெளியே மூன்று பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை, கையில் பல்பொடி டப்பாவோடு. மாப்பிள்ளையை முந்திக்கொண்டு போக முடியுமா? பெரியவன் வரிசையில் நின்றான். தாத்தா உள்ளே இருமினார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி இருமல் கேட்டது. வரிசை ஒரு அடி நகரவில்லை. பெரியவள் சமையலறையிலிருந்து ஆறு பேருக்கும் டீ போட்டபடி எட்டிப் பார்த்தாள். போன லீவில் தான் பட்ட பாடு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அன்று ஆபீசுக்குத் தாமதமாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் உளியும் சுத்தியலுமாக வந்து இறங்கினான் பெரியவன். "மேஜையை நகர்த்துங்க," என்றான்.

ஒரு டைல் உடைந்தது. இரண்டாவது உடைந்தது. பெரியவள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாவதற்குக் கீழே சிமெண்ட் மூடி தெரிந்தது. அன்றைக்கு 'இதோ' அதிசயமாகச் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். மூடியை நெம்பி எடுத்துவிட்டு, குழாய் வந்து சேரும் வாயில் கையைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். காய்ந்த சிமெண்ட் கட்டிகள். சாக்குத் துண்டு. அப்புறம் உடைந்த டைல்ஸ் சில்லுகள், பச்சைக் கொடி போட்டவை. புதுப்பித்த வேலையில் மிஞ்சிய குப்பையைக் கொத்தனார் உள்ளே தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார். அதன்மேல்தான் ஒரு வருடத்து முடியும் பருக்கையும் வந்து சேர்ந்திருந்தன.

கடைசிக் கட்டி வந்ததும் பின்பாதித் தண்ணீர் ஒரு உறுமலோடு இறங்கிப் போயிற்று. எல்லாரும் மூச்சுவிட்டார்கள்.

"எவ்வளவு ஆசையா போட்ட தரை. எங்களுக்காக ஒடைச்சுட்டீங்களே மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "பெரியவரு பெரியவருதான்," என்றார் தாத்தா. பெரியவன் வியர்வையைத் துடைத்தபடி, "அதனால என்ன, மனுஷங்களை விடவா டைல்ஸ் பெருசு," என்றான்.

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளி முன்னால் சாக்கடைத் தண்ணீரை அள்ளியது யார்? முடி, பருக்கை, பதவிசு என்று பேச்சு வாங்கியது யார்? ஒரு பச்சைச் சில்லை எடுத்தாள். அதை யார் கையில் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியும், அந்த ஆள் உள்ளறையை விட்டு வரவில்லை. மூடியிருந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சில்லைக் குப்பையோடு போட்டுவிட்டுச் சேம்பர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"சரி, மூடியைப் போட்டுட்டு மேல ஏதாவது டைல்ஸ் ஒட்டிடுங்க," என்று 'இதோ'விடம் சொன்னான் பெரியவன்.

"வேணாம் மாமா," என்றாள் சின்னவள். "கைப்பிடி வெச்ச இரும்பு மூடி போடட்டும். எப்ப வேணும்னாலும் தொறக்குற மாதிரி."

"சாப்பிடுற இடத்துலயாம்மா? பாக்க நல்லாவா இருக்கும்?"

மாப்பிள்ளை உடைந்த சில்லுகளைக் காலால் ஒதுக்கினார். நாத்தனார்கூட டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, அண்ணனோடு இனியும் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. அப்போதுதான் சின்னவன் தொண்டையைக் கனைத்தான்.

"இரும்பு மூடியே இருக்கட்டும்ணா," என்றான். குரல் பாதிதான் வெளியே வந்தது. "மறுபடியும் ஒடைக்கிற மாதிரி வெச்சுக்க வேணாம்."

பெரியவன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, "என்னமோ செய்யுங்க," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

கணவன் தன் பக்கம் திரும்புவான், ஏதோ பரிசு எதிர்பார்ப்பான் என்று சின்னவளுக்குத் தெரியும். திரும்பினான். அவள் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். ஒரு வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய வாக்கியம் அது. பந்து விளையாடின தழும்புக்கும் சேர்த்துத் தனியாகப் பேச வேண்டியிருந்தது.

'இதோ' கடைக்குப் போய் இரும்பு மூடி வாங்கிவந்து வைத்து, சுற்றிப் பூசி, "நாளைக்கு வரைக்கும் யாரும் மிதிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சின்னவள் பின்பாதிக்கு வந்து, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இத்தனை நாளில் கவலையில்லாமல் இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளப் போவது இன்றுதான். முதல் வாளித் தண்ணீர் ஓட்டையில் சுழன்று, நிற்காமல் போயிற்று. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "அத்தை, சீக்கிரம் வாங்க. தாத்தா குளிக்கணுமாம்."

சின்னவள் இரண்டாவது வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்து முழுசாகத் திறந்துவிட்டாள்.